முய்யி: ஒரு சொல்லும் சாகர் என்னும் சிறு நகரமும்

பதிவு சற்று நீளமானது. பொறுமையுள்ள நண்பர்கள் மட்டும் தொடர்க.

கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் உட்புறத்தில், சாகர் என்றொரு சிறு நகரம் உண்டு. மலைநாட்டுக் கன்னட வழக்குகளைத் தொகுக்கும் பொருட்டு அவ்வட்டாரத்தில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். ஒரு பனிக்கால இரவில், பாக்குத் தோட்டத்தையடுத்த ஒரு வீட்டின் கொட்டகையில் ஆணும் பெண்ணுமாகப் பதினைந்து பேர் அமர்ந்து பச்சைப் பாக்கை உரித்துக்கொண்டிருந்தனர். பலகையில் நிறுத்திய வளைந்த கத்தியில் காயை அழுத்தித் திருப்பினால் தோல் ஒரு பக்கமும் கொட்டை ஒரு பக்கமுமாக விழுகிறது. நாள் கூலி எவ்வளவு என்று கேட்டேன். அங்கிருந்த மூத்த பெண்மணி ஒருவர் சிரித்தார். அவர்களுள் சிலர் கூலிக்கு வந்தவர்கள், சிலர் ‘முய்யாளு’. இன்று இவர் வீட்டுப் பாக்கை உரிக்க அவர் வருவார். நாளை அவர் வீட்டுப் பாக்குக்கு இவர் போவார். காசு கைமாறுவதில்லை.

‘முய்யி’ என்னும் கன்னடச் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் தமிழரின் நினைவுக்கு வருவது ‘மொய்’. திருமணத்தில் வைக்கும் அன்பளிப்பையும், அதற்கு ஈடாகத் திருப்பிச் செய்வதையும் அச்சொல் அங்கும் குறிக்கிறது. ஆனால் கன்னடத்தில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு: பழிக்குப் பழி. ‘முய்யி தீர்த்தல்’ என்றால் வாங்கிய அடியைத் திருப்பித் தருதல். கொடுத்ததைத் திருப்பித் தருவதையும் கெடுத்ததைத் திருப்பித் தருவதையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது அம்மொழி. சிற்றூர்களின் ஒற்றுமையுணர்வைப் பற்றி நாம் எழுதும்போது முதற்பொருளை மட்டுமே எடுத்துக்கொள்கிறோம் என்பது என் மனக்குறை. சாகரின் வரலாற்றை அவ்வாறு எழுத இயலாது.

முதலில் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்களைப் போல மலைநாட்டில் தெருக்கள் இல்லை. வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்பதில்லை. பள்ளத்தாக்கில் பாக்குத் தோட்டம். அதன் விளிம்பில் ஒரு வீடு. அரை மைலுக்கு அப்பால் அடுத்த தோட்டம், அடுத்த வீடு. தோட்டத்துக்கு மேலே தழையுரத்துக்கென ஒதுக்கிய காடு. சூன் முதல் செப்டம்பர் வரை விடாத மழை. இத்தகைய நிலத்தில் அண்டை வீட்டார் என்போர் தாமாக அமைவதில்லை. முயன்று தேடிக்கொள்ள வேண்டும். எனவேதான் மழைக்காலத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடி, வேடம் புனையாமல் அமர்ந்தவாறே யட்சகானக் கதைகளைப் பாட்டும் வாதமுமாக நிகழ்த்தும் ‘தாளமத்தளை’ அங்கே செழித்தது என்று எண்ணுகிறேன். பாக்குக்கு அவர்கள் வழங்கும் பெயர் ‘அடிகெ’. நம் பழைய ‘அடைக்காய்’தான்.

நகரத்தின் பெயர் ஓர் ஏரியால் வந்தது. கெளதி நாயக்க மரபின் சதாசிவ நாயக்கர் பதினாறாம் நூற்றாண்டில் வெட்டுவித்த ஏரி சதாசிவ சாகரம் எனப்பட்டது. பின்னர் அதன் கரையில் எழுந்த ஊர் சாகர் ஆயிற்று. இன்று அதனைக் கணபதி ஏரி என்கின்றனர். அம்மரபினரின் முதல் தலைநகரான கெளதியும் அடுத்த தலைநகரான இக்கேரியும் சாகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளன. இக்கேரியில் அகோரேசுவரர் கோயில் கல்லில் நிற்கிறது. அரண்மனை இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. இக்கட்டுரைக்கு வேண்டியவர் இம்மரபின் சிவப்ப நாயக்கர் (ஆட்சி 1645–1660). நிலங்களைத் தரம் பிரித்து, விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கை அரசுக்கென வகுத்த இவரது தீர்வை முறை ‘சிவப்ப நாயக்கரின் சிஸ்து’ என்று இன்றும் பேசப்படுகிறது. நம் பழைய பத்திரங்களில் காணும் ‘சிஸ்தி’யும் இதே சொல்தான். ஒவ்வோர் ஊரிலும் மாதிரி நிலத்தைத் தாமே பன்னிரண்டு ஆண்டுகள் பயிரிட்டுப் பார்த்த பிறகே அவர் அளவை நிர்ணயித்தார் என்பது மரபுவழிச் செய்தி. அது கதையாகவும் இருக்கலாம். ஆயினும், நேர்மையான அளவு என்பதை ஒரு வட்டாரம் தன் அரசரின் தலையாய புகழாக நினைவில் வைத்திருப்பது கவனிக்கத்தக்கது. ஏனெனில் மூன்று நூற்றாண்டு கழித்து அங்கே மூண்ட போராட்டமும் ஓர் அளவைப் பற்றியதே.

சாகருக்கு அருகே காகோடு என்னும் சிற்றூர். 1951ஆம் ஆண்டு. நாடு விடுதலை பெற்று நான்காண்டுகள் ஆகியிருந்தன. குடியரசாகி ஓராண்டு கடந்திருந்தது. நிலவுடைமையாளரை ‘ஒடெய’ என்பர். நம் ‘உடைய’ என்பதன் உறவுச்சொல். குத்தகைக்கு உழுதோருள் பெரும்பாலோர் தீவரு என்னும் சமூகத்தினர். குத்தகை நெல்லை அளக்கும் மரப்பாத்திரத்துக்குப் பெயர் ‘கொளக’. நிலவுடைமையாளர் குத்தகை வாங்கும்போது வழக்கத்தைவிடப் பெரிய கொளகத்தால் அளந்தனர். வாய் அகன்ற ஒரு பாத்திரம் ஆண்டுதோறும் ஒரு குடும்பத்தின் சில வார உணவை விழுங்கிக்கொண்டிருந்தது. இதனோடு கூலியில்லா வேலையும் இருந்தது. கீழத்தஞ்சை உழவர் இயக்க வரலாற்றை வாசித்தவர்களுக்கு ‘முத்திரை மரக்கால்’ கோரிக்கை நினைவுக்கு வரும். மொழியும் மண்ணும் வேறு, மோசடி ஒன்று.

கணபதியப்பா என்பவர் உழவர்களை ஒரு சங்கமாகத் திரட்டினார். அளவு சரியாக வேண்டும் என்று கேட்டவர்கள் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1951 ஏப்ரலில் அறப்போர் தொடங்கிற்று. நாள்தோறும் ஓர் அணி ஏருடன் அந்நிலத்தில் இறங்கும். காவல்துறை கைது செய்யும். மறுநாள் அடுத்த அணி. சோசலிஸ்ட் கட்சியின் சாந்தவேரி கோபால கௌடா போராட்டத்தை முன்னெடுத்தார். சூன் மாதத்தில் ராம் மனோகர் லோகியா வந்து நிலத்தில் இறங்கினார்; சாகர் ரயில் நிலையத்தில் கைதானார். அதன் பின்னரே காகோடு என்னும் பெயர் இந்தியச் செய்தித்தாள்களில் இடம்பெற்றது.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. இத்தகைய போராட்டங்களை எழுதுவோர் பெரும்பாலும் லோகியா வந்த நாளிலிருந்து தொடங்கிவிடுகின்றனர். அந்த நாளுக்கு முன்பே வாரக்கணக்கில் சிறைக்குச் சென்றுகொண்டிருந்த உழவர்களின் வீடுகளில் அடுப்பு எவ்வாறு எரிந்தது என்பது பதிவாவதில்லை. கூலியில்லா முய்யாளு முறை இல்லாத ஓர் ஊரில் அத்தகைய போராட்டம் ஒரு வாரம் தாங்கியிருக்குமா என்று நான் ஐயுறுகிறேன். ஒருவன் சிறையிலிருக்கையில் அவன் வீட்டு வேலையை இன்னொருவன் ஏற்பதற்கு அங்கே புதிய கொள்கை எதுவும் தேவைப்படவில்லை. பெயருள்ள பழக்கம் ஒன்று முன்பே இருந்தது. அதே சமயம் எதிர்த்தரப்புக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கணக்கும் அதே பெயரில் இருந்தது.

போராட்டத்துக்கு உடனடி வெற்றி கிட்டவில்லை. ஆனால் 1952 தேர்தலில் கோபால கௌடா அவ்வட்டாரத்திலிருந்தே மைசூர் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் 1972இல், ஐம்பது வயது நிரம்புமுன்னரே மறைந்தார். யு. ஆர். அனந்தமூர்த்தியின் ‘அவஸ்தெ’ நாவலின் நாயகனுக்கு இவரது வாழ்வே மூலம் என்பர். தேவராஜ் அர்ஸ் ஆட்சியில் குத்தகை முறையை ஒழித்த நிலச்சீர்திருத்தச் சட்டம் 1974இல் நடைமுறைக்கு வந்தது. உழுதவர் பெயருக்கு நிலம் மாறிற்று. காகோட்டில் பிறந்த திம்மப்பா பிற்காலத்தில் மாநில அமைச்சராகவும் சட்டப்பேரவைத் தலைவராகவும் ஆனார். கொளகத்திலிருந்து பேரவைத் தலைவர் இருக்கை வரையிலான தூரத்தை ஒரு தலைமுறையில் கடந்திருக்கிறது அவ்வூர்.

தீவரு சமூகத்துப் பெண்களின் ஒரு வழக்கத்தை இவ்விடத்தில் சொல்லாமல் இருக்க இயலவில்லை. ஐப்பசியை ஒட்டி வரும் முழுநிலவன்று ‘பூமி ஹுண்ணிமெ’ கொண்டாடுகின்றனர். அப்போது கதிர் பொதியாக இருக்கும். நிலத்தைச் சூல்கொண்ட பெண்ணாகக் கருதி வளைகாப்பு நடத்துவதே அவ்விழா. அதற்கு முன்னரே மூங்கில் கூடைக்குச் செம்மண் பூசி, அரிசி மாவால் மெல்லிய கோடுகளில் கதிரும் தேரும் கொடியும் எழுதுகின்றனர். இரவெல்லாம் சமைத்து, விடியுமுன் கூடையில் சோற்றைச் சுமந்து சென்று வயலில் தூவுகின்றனர். வீட்டுச் சுவரில் திருமணத்தின்போது எழுதும் ‘ஹசெ சித்தார’ ஓவியமும் இதே கையினது. எவருடைய நெல் தவறாக அளக்கப்பட்டதோ, அவர்களே அந்நெல்லுக்கு மசக்கை உணவு படைத்தவர்கள். நான் கண்ட ஒரு வீட்டில் அக்கூடைக்கு அருகே பழைய கொளகம் ஒன்றும் இருந்தது. எத்தனை சேர் கொள்ளும் என்று கேட்டேன். “அளந்து பார்த்ததில்லை தங்கச்சி, குங்குமம் வைப்பதோடு சரி” என்று அவ்வீட்டு அக்கா தம் கன்னடத்தில் விடையளித்தார்.

இனி, சாகரிலிருந்து ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டரில் உள்ள ஹெக்கோடு. இவ்வூரின் கதை காகோட்டைவிடப் பரவலாக அறியப்பட்டது. ஊர் என்று சொன்னாலும், வழிப்போக்கர் கண்ணுக்கு ஒரு கூட்டுச்சாலையும் சில கடைகளும்தான். அங்கே 1949இல் பாக்குத் தோட்டக் குடும்பத்து இளைஞர்கள் சிலர் சேர்ந்து நீலகண்டேசுவர நாட்டிய சேவா சங்கத்தை நிறுவினர். பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து ‘நீநாசம்’. செய்தித்தாள்களை வாங்கி அனைவரும் படிப்பதும், ஆண்டுக்கொருமுறை நாடகம் போடுவதும்தான் தொடக்கத்து நோக்கம். நம் ஊர்களிலும் இப்படி நூறு மன்றங்கள் தோன்றின. தலைமுறை மாறியதும் பெயர்ப்பலகை மட்டும் எஞ்சிற்று. நீநாசம் மட்டும் ஏன் நிலைத்தது?

கே. வி. சுப்பண்ணா (1932–2005) என்னும் ஒருவரின் ஆளுமை என்று விடை சொல்வது எளிது, பாதி உண்மையும்கூட. மைசூரில் குவெம்புவிடம் பயின்றவர், படிப்பு முடிந்ததும் நகரில் தங்காமல் தோட்டத்துக்கே திரும்பினார். ‘அக்ஷர பிரகாசன’ என்னும் பதிப்பகத்தை அச்சிற்றூரிலிருந்தே நடத்தினார். கன்னட நவீன கவிதையின் முன்னோடி கோபாலகிருஷ்ண அடிக 1960களில் சாகர் லால் பகதூர் கல்லூரியின் முதல்வராக இருந்தார். ஆதலால் ஒரு மாநிலத்தின் இலக்கிய விவாதங்கள் சில ஆண்டுகள் ஒரு தாலுகா நகரைச் சுற்றி நடந்தன. 1972இல் ஹெக்கோட்டில் சிவராம காரந்தரின் பெயரால் நாடக அரங்கு எழுந்தது. 1973இல் திரைப்படக் கழகம். 1980இல் நாடகப் பயிற்சிப் பள்ளி. 1985இல் ‘திருகாட்ட’ என்னும் சுற்றுப்பயண நாடகக் குழு. சொல்லின் பொருள் சுற்றித் திரிதல்தான். ஆண்டுதோறும் புதிய நாடகங்களை ஆயத்தம் செய்து, மாதக்கணக்கில் கர்நாடகத்தின் சிறுநகரங்களில் நிகழ்த்துவது அதன் வேலை. 1991இல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது கிடைத்தது.

ஆளுமை என்னும் விடையின் மறுபாதி திரைப்படக் கழகத்தில் இருக்கிறது. குரோசாவாவின் ‘ராஷோமோன்’, டி சிகாவின் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ முதலியவற்றை ஹெக்கோட்டு மக்களுக்குத் திரையிட்டனர். புணே திரைப்பட ஆவணக் காப்பகத்தின் பி. கே. நாயரும் பேராசிரியர் சதீஷ் பகதூரும் இம்முயற்சிக்குத் துணை நின்றனர். உலகத் திரைப்படம் உழவருக்கு விளங்குமா என்று நகரத்தார் கேட்ட கேள்வியில் இருந்த மேட்டிமையைச் சுப்பண்ணா ஏற்கவில்லை. மலைநாட்டுக்காரர் இரவு முழுவதும் அமர்ந்து, ஒரே புராணக் கதையில் கர்ணன் சரியா கிருஷ்ணன் சரியா என்று தாளமத்தளையில் வாதிடுவோர். ஒரே கொலையை நால்வர் நால்விதமாகச் சொல்லும் படம் அவர்களுக்கு எப்படி அந்நியமாகும்? படத்தை விளங்கிக்கொள்ளும் ஆற்றல் புணேயிலிருந்து வரவில்லை. திண்ணையில் முன்பே இருந்தது. நிலைத்த மன்றங்களுக்கும் மறைந்த மன்றங்களுக்கும் இடையிலான வேறுபாடு இதுவென்றே எனக்குப் படுகிறது. மறைந்தவை, ஊருக்கு இல்லாத ஒன்றை ஊட்ட வந்தவை.

சுப்பண்ணாவுக்கு 2003இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத் தந்த ‘கவிராஜமார்கமும் கன்னட உலகமும்’ என்னும் நூலும் இதே சிந்தனையின் நீட்சிதான். ஒன்பதாம் நூற்றாண்டின் இலக்கண நூலான கவிராஜமார்கத்தில், கன்னட நாடு என்பது உலகத்தினுள் அடங்கிய தனி உலகமாகப் பேசப்படுவதை அவர் விரித்துரைத்தார். மொழியியல் மாணவர்களுக்கு நான் அடிக்கடி பரிந்துரைக்கும் நூல்களுள் ஒன்று. தமிழில் வர வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு சங்கடத்தையும் மறைக்கலாகாது. ஹெக்கோட்டின் நாடக இயக்கத்தை முன்னெடுத்தோர் பெரும்பாலும் பாக்குத் தோட்ட உடைமையாளரான ஹவ்யகப் பிராமணர். காகோட்டின் ஏர் பிடித்தோர் தீவரு. இரண்டு ஊர்களும் ஒரே தாலுகாவில் இருந்தாலும், இரண்டையும் இணைத்து எழுதுவோர் சிலரே. பண்பாட்டைப் பற்றி எழுதுவோர் ஹெக்கோட்டுக்கும், போராட்ட வரலாறு எழுதுவோர் காகோட்டுக்கும் போகின்றனர். சாகரின் ஒரே பேருந்து நிலையத்தில் இறங்கித்தான் இருசாராரும் பிரிகின்றனர். லோகியாவின் சிந்தனை அவ்வட்டாரத்தின் ஒரு தலைமுறை இளைஞரை, சாதி வேறுபாடின்றி ஈர்த்தது என்பது உண்மை. ஆனால் நாடகம் பார்க்க ஒன்றாக அமர்ந்ததால் கொளகத்தின் கணக்கு தீர்ந்துவிடவில்லை; அதனைத் தீர்த்தது சட்டம். பிற்காலத்தில் நாடக இயக்குநர் பிரசன்னா ஹெக்கோட்டை அடுத்த பீமனகோணேயில் தொடங்கிய ‘சரக’ கைத்தறிக் கூட்டுறவில், உள்ளூர்ப் பெண்கள் பாக்கை வேகவைத்த சாற்றிலிருந்து கிடைக்கும் செம்பழுப்பைத் துணிக்குச் சாயமாக்குகின்றனர். தோட்டக்காரரின் பாக்கும் உழவர் வீட்டுப் பெண்களின் கையும் ஒரே துணியில் சேர்வது அங்கேதான்.

மூன்றாண்டுக்கொருமுறை சாகரில் மாரிகாம்பா திருவிழா ஒன்பது நாள் நடக்கிறது. அம்மனுக்குத் தாய்வீடு ஒன்று, கணவன் வீடு ஒன்று என நகரில் இரண்டு கோயில்கள். தாய்வீட்டைத் ‘தவருமனெ’ என்பர். ‘தாயூர்’ என்பதே ‘தவரு’ எனத் திரிந்தது என்று கூறுவோர் உண்டு. அதனை விரித்தால் தனிப் பதிவாகிவிடும்.

ஷராவதி ஆற்றைப் பற்றிச் சொல்லாவிடில் இவ்வரலாறு முழுமையாகாது. மாநிலத்துக்கு மின்சாரம் தருவதற்காக லிங்கனமக்கி அணை 1964இல் கட்டி முடிக்கப்பட்டபோது சாகர், ஹொசநகர வட்டங்களின் ஊர்கள் பல நீரில் மூழ்கின. வயலும் தோட்டமும் கோயிலும் முய்யாளுவாக வந்து சென்ற ஒற்றையடிப் பாதைகளும் போயின. குடும்பங்கள் லாரிகளில் வெவ்வேறு காடுகளுக்குக் கொண்டு சேர்க்கப்பட்டன. அவர்களுள் பலருடைய நிலவுரிமை வழக்குகள் இன்றும் தீரவில்லை. ஒரு வீட்டுக்கு நூறு முய்யி கடன் இருந்திருக்கும். நூறு வீட்டாரும் நூறு திசையில். இழப்பீட்டுப் பட்டியலில் மரத்துக்கு விலை உண்டு, சுவருக்கு விலை உண்டு. இதற்கு நிரல் இல்லை.

நீர் சூழ்ந்து தனித்துப்போன தும்ரி முதலிய ஊர்களின் மக்கள் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் படகையே நம்பியிருந்தனர். மாலையில் கடைசிப் படகு போய்விட்டால் அக்கரைக்குச் செல்ல நெடுந்தொலைவு சுற்ற வேண்டும். பிள்ளைப்பேற்றுக்கும் பாம்புக்கடிக்கும் அதே படகுதான். பாலம் வேண்டும் என்று இரண்டு தலைமுறையினர் மனு எழுதினர். 2025 சூலையில் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன் ஒரு மாலை அப்படகில் சென்றிருக்கிறேன். புறப்படும் நேரம் கடந்தும் இயந்திரத்தை முடுக்கவில்லை. சாகரிலிருந்து வரும் பேருந்து தாமதம். அதிலிருப்போரை விட்டுவிட்டுப் போகலாகாது என்றனர். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஒரு முதியவர் மட்டும் எனக்கு இடம் ஒதுக்கி, “உட்காரும்மா, நாளைக்கு நீயும் அந்தப் பேருந்தில் வருவாய்” என்றார்.

என் தந்தையின் ஊரில் இவ்வகை வேலைப் பரிமாற்றத்துக்கு ‘மாற்றாள்’ என்று பெயர். தமிழகத்தின் பிற வட்டாரங்களிலும் ஈழத்திலும் வேறு பெயர்கள் இருக்கக்கூடும். அவற்றைத் தொகுத்து வருகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, சொல்லையும் ஊரையும், அச்சொல்லுக்குப் பழிவாங்கல் என்னும் பொருள் உண்டா இல்லையா என்பதையும் எழுதி அனுப்புக.